கடற்புயலை ராடார் படத்தால் அளத்தல்

புதுச்சேரியிலிருந்து கடலூருக்குச் செல்லும் சாலையில், அரியாங்குப்பத்தை அடுத்து, நோணாங்குப்பம் என்னும் கிராமம் இருக்கிறது. செஞ்சிப் பக்கத்திலிருந்து வரும் சங்கராபரணி ஆறு கடலை நெருங்குமிடத்தில் இரண்டாகப் பிரிந்து, அரியாங்குப்பம் ஆறு என்றும் சுண்ணாம்பாறு என்றும் பெயர் பெறுகிறது. இவற்றுள் சுண்ணாம்பாற்றின் கரையில் இக்கிராமம் அமைந்துள்ளது. ஆற்றின் முகத்துவாரமும் அதற்கு வெகு தூரத்தில் இல்லை. ஆகவே வங்காள விரிகுடாவில் எழும் புயலின் கேடு இவ்வூருக்கு இரண்டு வழிகளில் வரக்கூடும். கடலிலிருந்து அடிக்கும் காற்று ஒரு வழி. மழையாலும் மேற்கேயிருந்து இறங்கும் வெள்ளத்தாலும் வரும் நீர் மற்றொரு வழி.

இவ்விரண்டும் எப்போதும் சேர்ந்தே வருவதில்லை. 2011-ஆம் வருஷம் டிசம்பர் 30-ந் தேதி காலையில் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையே கரை கடந்த ‘தானே’ புயலில் காற்று மணிக்கு 120 முதல் 140 கிலோமீட்டர் வரை வீசிற்று. முந்திரி, பலா, தென்னை முதலிய பல்லாண்டுப் பயிர்கள் வேரோடு சாய்ந்தன. பண்ணுருட்டிப் பக்கத்தில் தலைமுறையாகப் பலன் கொடுத்து வந்த மரங்களை ஒரு காலைப்பொழுதில் இழந்த குடும்பங்கள் பல. 2024-ஆம் வருஷம் நவம்பர் 30-ந் தேதி இரவு புதுச்சேரிக்கு அருகில் கரை கடந்த ‘ஃபெஞ்சல்’ புயலிலோ காற்று மணிக்கு 70 முதல் 80 கிலோமீட்டர் அளவே இருந்தது. ஆயினும் கரை கடந்த பின் அப்புயல் பல மணி நேரம் நகராமல் நின்றது. மறுநாள் காலை வரையிலான 24 மணி நேரத்தில் புதுச்சேரியில் 46 சென்டிமீட்டருக்கு மேல் மழை பெய்தது. ஓர் ஏக்கர் நிலத்தின் மேல் ஏறக்குறைய 18½ லக்ஷம் லிட்டர் நீர் ஒரே நாளில் வீழ்ந்தது என்று இதற்குப் பொருள். அடுத்த ஓரிரு நாட்களில் தென்பெண்ணையில் சாத்தனூர் அணையிலிருந்து விடப்பட்ட பெருவெள்ளமும் கடலூர், பாகூர்ப் பக்கங்களில் பரவிற்று.

காற்றின் அழுத்தம் அதன் வேகத்தைப் போல் கூடுவதில்லை. வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்துக் கூடுகிறது. எனவே மணிக்கு 140 கிலோமீட்டர் காற்று, 80 கிலோமீட்டர் காற்றைப்போல் ஏறக்குறைய மூன்று மடங்கு பலத்துடன் மரத்தைத் தள்ளும். வரப்போவது மரத்தைச் சாய்க்கும் காற்றா, வயலை மூழ்கடிக்கும் நீரா என்பதை இரண்டு நாள் முன்னதாக அறிந்தால் விவசாயி செய்யக்கூடிய காரியங்கள் பல உண்டு. அவ்வாறு அறிவதற்குக் கடலின் மேல் இருக்கும்போதே புயலை அளந்தாக வேண்டும். அவ்வளவீட்டில் செயற்கைக் கோள்களிலிருந்து எடுக்கப்படும் ராடார் படங்கள் அண்மைக் காலத்தில் பெரிதும் உதவி வருகின்றன. அவை எதைக் காட்டும், எதைக் காட்டமாட்டா என்பதை நிலமுடையோரும் கிராம உத்தியோகஸ்தர்களும் அறிந்திருத்தல் நலம்.

நடுக்கடலில் அளவு இன்மை

நிலத்தின்மேல் காற்றையும் மழையையும் அளக்கக் கருவிகள் உண்டு. நடுக்கடலில் அவ்வசதி மிகக் குறைவு. சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டில், கல்கத்தாவிலிருந்த ஹென்றி பிடிங்டன் என்பவர் கப்பல்களின் நாட்குறிப்புகளை ஒன்று சேர்த்து, வங்காள விரிகுடாப் புயல்கள் சுழன்று வீசுபவை என்பதை ஆராய்ந்தார். ‘சைக்ளோன்’ என்ற பெயரை வழங்கியவரும் அவரே. இக்காலத்தில் கப்பல்கள் எச்சரிக்கை பெற்றுப் புயலை விட்டு விலகிச் செல்கின்றன. இது மாலுமிகளுக்கு நன்மையே. ஆனால் புயலின் நடுவிலிருந்து வரும் அளவுகள் அதனால் குறைந்துபோயின. சென்னையிலுள்ள தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனத்தார் விரிகுடாவில் மிதவைகளை நிறுத்தியிருக்கின்றனர். அவை நம்பத்தக்க அளவுகளைத் தருகின்றன. எனினும் அத்தனை பெரிய கடலுக்கு அவை சிலவே. அமெரிக்கர் அட்லாண்டிக் புயல்களுக்குள் விமானங்களைச் செலுத்தி அளப்பதுபோல் வங்காள விரிகுடாவில் செய்யும் வழக்கம் இல்லை.

எனவே வானிலை நிலையத்தார் இதுகாறும் பெரும்பாலும் மேகப் படங்களையே நம்பி வந்தனர். இன்ஸாட் செயற்கைக் கோள்கள் அரைமணிக்கு ஒரு முறை மேகங்களைப் படம் எடுத்து அனுப்புகின்றன. மேகச் சுருளின் வடிவத்தையும் குளிர்ச்சியையும் பார்த்துக் காற்றின் வேகத்தை மதிப்பிடும் முறையை அமெரிக்க நிபுணர் டுவோராக் 1970-களில் வகுத்தார். இந்திய வானிலைத் துறையும் அம்முறையைக் கையாளுகிறது. அது நல்ல முறையே. ஆயினும் மதிப்பீடு மதிப்பீடேயன்றி அளவீடு ஆகாது. வீட்டுக்கூரையின் மேல் எழும் புகையைப் பார்த்து உள்ளே எரியும் அடுப்பின் அனலைச் சொல்வது போன்றது அது. ‘ஃபெஞ்சல்’ புயலின்போது இவ்விடர் தெளிவாயிற்று. இலங்கைக் கரையோரமாக மெல்ல நகர்ந்துவந்த அத்தாழ்வு மண்டலம் புயலாக வலுக்குமா, வலுக்காமலே கரை சேருமா என்ற ஐயம் நிலவிற்று. நவம்பர் 29-ந் தேதி பிற்பகலில்தான் அது புயலாயிற்று. மணிக்கு 62 கிலோமீட்டர் காற்று என்பதே தாழ்வு மண்டலத்துக்கும் புயலுக்கும் எல்லை. அவ்வெல்லையருகே நிற்கும் சுழலில் சிறிய அளவுப் பிழையும் அறிவிப்பை மாற்றிவிடும்.

ராடார் பார்க்கும் விதம்

சென்னையிலும் காரைக்காலிலும் உள்ள கரை ராடார்களைப் பற்றிப் பலரும் கேள்வியுற்றிருப்பர். அவை மழைத்துளிகளில் பட்டு மீளும் அலையைக் கொண்டு மழையைக் காண்பவை. சில நூறு கிலோமீட்டர் தூரம் வரையிலேயே பயன்படுவன. இங்கே கூறப்படும் ராடார் வேறு. அது செயற்கைக் கோளில் பொருத்தப்பட்டு, 500 முதல் 800 கிலோமீட்டர் உயரத்திலிருந்து கடலின் மேற்பரப்பையே பார்ப்பது.

இதன் தத்துவம் எளியது. காற்றில்லாத இரவில் குளக்கரையில் நின்று நீரின்மேல் சாய்வாக டார்ச் விளக்கை அடித்தால், வெளிச்சம் கண்ணாடியில் படுவதுபோல் எதிர்ப்பக்கமாகச் சென்றுவிடும். கரையில் நிற்பவருக்கு நீர் இருளாகவே தோன்றும். காற்றடித்து நீரில் சிற்றலைகள் எழுந்தால், வெளிச்சத்தில் ஒரு பகுதி அச்சிற்றலைகளில் பட்டுத் திரும்பிவரும், நீர் மினுங்கும். ராடார் அலைக்கும் இதுவே நியதி. இப்பணிக்குப் பெரும்பாலும் உபயோகிக்கப்படும் அலையின் நீளம் ஐந்தரை சென்டிமீட்டர் அளவு. கடற்காற்று எழுப்பும் சிற்றலைகளும் சில சென்டிமீட்டர் நீளமுடையவை. காற்று மிகுந்தால் சிற்றலைகள் மிகும். மீளும் அலையும் மிகும். ஆகவே படத்தில் வெளுப்பாகத் தெரியும் இடம் காற்று மிகுந்த இடம். கறுப்பாகத் தெரியும் இடம் காற்று அடங்கிய இடம். நன்கு உருவான புயலின் படத்தில், நடுவே அமைதியான கண் கறுத்தும், அதைச் சுற்றிக் கடுங்காற்று வளையம் வெளுத்தும் காணப்படும்.

இவ்வலைகளுக்கு மேகம் தடையன்று. சூரிய வெளிச்சமும் வேண்டுவதில்லை. நள்ளிரவிலும் அடர்ந்த மேகத்தினூடே கடலைப் பார்க்க இயலும். மேலும், வினாடிக்கு ஏறக்குறைய ஏழரை கிலோமீட்டர் வேகத்தில் விரையும் கோள், தன் வழி நெடுகிலும் பெறும் எதிரொலிகளை ஒன்றுசேர்த்துக் கணக்கிடுவதால், சில மீட்டர் நீளமுள்ள ஆன்டெனா பல கிலோமீட்டர் நீளமுள்ளதுபோல் வேலை செய்கிறது. இதனால் படத்தில் நுணுக்கம் மிகுகிறது. காற்றை அளப்பதற்கென்றே ஓஷன்ஸாட் வரிசைக் கோள்களில் வேறுவகை ராடார் கருவியும் உண்டு. அது அகன்ற பரப்பை அடிக்கடி பார்க்கும். ஆனால் பத்துகள் கணக்கான கிலோமீட்டருக்கு ஓர் அளவையே தரும். படம் எடுக்கும் ராடாரோ ஓரிரு கிலோமீட்டருக்கு ஓர் அளவு தரவல்லது. புயற்கண்ணின் ஓரத்தில் சில கிலோமீட்டர் அகலத்துக்குள்ளேயே காற்று பன்மடங்கு மாறுவதால், இந்நுணுக்கம் மிக முக்கியமானது.

கடுங்காற்றை அளக்கும் வழி

கடலை இவ்வாறு ராடாரால் படமெடுக்கும் முயற்சி 1978-ஆம் வருஷம் அமெரிக்காவின் ‘ஸீஸாட்’ என்னும் கோளில் தொடங்கிற்று. அது நூறு நாள் அளவே வேலை செய்து நின்றுவிட்டது. எனினும் வழி புலப்பட்டது. ஐரோப்பியரும் கனடா தேசத்தாரும் பின்னர்த் தொடர்ந்து கோள்களை அனுப்பினர். இந்தியா 2012 ஏப்ரல் 26-ந் தேதி ‘ரிஸாட்-1’ கோளையும், அதன் பணி முடிந்தபின் 2022 பிப்ரவரி 14-ந் தேதி ‘இ.ஓ.எஸ்.-04’ கோளையும் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவிற்று.

தொடக்கத்தில் ஓர் இடையூறு இருந்தது. காற்று மணிக்கு நூறு கிலோமீட்டர் அளவை நெருங்கியபின், அது மேலும் வலுத்தாலும் மீளும் அலை அதற்கேற்ப மிகவில்லை. கடுங்காற்றுக்கும் மிகக் கடுங்காற்றுக்கும் படத்தில் வேற்றுமை தெரியாதுபோயிற்று. எந்த இடத்தில் அளவு வேண்டுமோ அந்த இடத்திலேயே கருவி கைவிட்டது. இதற்கு ஆராய்ச்சியாளர் கண்ட பரிகாரம் பின்வருமாறு: ராடார் அலையைச் செங்குத்தாக அதிரும்படி அனுப்பி, திரும்பி வருவதில் கிடையாக அதிரும் பகுதியை மாத்திரம் தனியே வாங்கி அளப்பது. அலை முறிந்து நுரைத்துக் கொந்தளிக்கும் கடலே இவ்விதம் அதிர்வை மாற்றித் திருப்புகிறது. ஆதலால் இப்பகுதி, பெரும்புயற் காற்றிலும் வேகத்துக்கேற்ப மிகுந்துகொண்டே போகிறது. 2014-ல் ஏவப்பட்ட ஐரோப்பாவின் ‘ஸெண்டினல்-1ஏ’, கனடாவின் ‘ராடார்ஸாட்’ ஆகியவற்றின் படங்களை அமெரிக்க விமான அளவுகளோடு ஒப்பிட்டு இம்முறை உறுதி செய்யப்பட்டது. 2016 முதல் ஐரோப்பிய விண்வெளி நிலையத்தார், புயலின் பாதையைப் பார்த்து முன்கூட்டியே கோளுக்கு உத்தரவிட்டுப் புயலைப் படமெடுத்து வருகின்றனர்.

நீண்ட அலைகளும் முகத்துவாரமும்

ராடார் படத்தில் சிற்றலைகள் மட்டுமன்றி, நூறு மீட்டருக்கு மேல் நீளமுள்ள பேரலைகளும் உழவுசால் போல் வரிவரியாகத் தெரியும். அவ்வரிகளின் இடைவெளியையும் சாய்வையும் அளந்து, அலைகளின் நீளத்தையும் அவை செல்லும் திசையையும் கணக்கிடுகின்றனர். ‘ஸெண்டினல்’ கோள்கள் திறந்த சமுத்திரத்தில் நெடுகிலும் இதற்கென்றே சிறு சிறு படங்களை எடுக்கின்றன. பிரெஞ்சு தேசமும் சீனமும் சேர்ந்து 2018-ல் அனுப்பிய ‘ஸி.எஃப்.ஓ.ஸாட்’ கோளிலும் அலையை அளக்கும் ராடார் ஒன்று பொருத்தப்பட்டது.

பேரலையால் விவசாயிக்கு என்ன என்று கேட்கலாம். புயற்காற்று கடல்நீரைக் கரை நோக்கித் தள்ளும்போது கடல்மட்டம் உயருகிறது; பேரலைகள் அதை மேலும் உயர்த்துகின்றன. அப்போது சுண்ணாம்பாறு போன்ற ஆறுகளின் வெள்ளம் முகத்துவாரத்தில் தடைபட்டுப் பின்வாங்கும். வயலிலிருந்து வாய்க்காலுக்கும், வாய்க்காலிலிருந்து ஆற்றுக்கும் வடியவேண்டிய நீர் அங்கங்கே தேங்கும். முகத்துவாரத்தை அடுத்த தாழ்ந்த நிலங்களில் உப்புநீர் ஏறுவதும் உண்டு. ஆகவே கடலின் நிலை உள்ளூர் வடிகாலின் நிலையை நிர்ணயிக்கிறது. ஹைதராபாத்திலுள்ள இந்தியப் பெருங்கடல் தகவல் சேவை மையம் வெளியிடும் கடல்நிலை அறிவிப்பை, மீன்பிடிப்போரே அன்றி முகத்துவாரத்துக் கிராமங்களின் விவசாயிகளும் கவனித்து வருதல் வேண்டும்.

முன்னறிவிப்பில் இதன் பயன்

இக்காலத்து முன்னறிவிப்பு, இன்றைய நிலையை எண்களாகக் கணிப்பொறிக்குக் கொடுத்து நாளைய நிலையைக் கணக்கிடுவதாகும். தொடக்கக் கணக்குத் தவறினால் முடிவும் தவறும். ராடார் படம் மூன்று விஷயங்களைத் திருத்தித் தருகிறது. முதலாவது, புயலின் மையம் இருக்குமிடம். மேகத்தின் மேலிருந்து பார்த்தால் மையம் சில சமயம் தெளிவாகத் தெரியாது. இரண்டாவது, மிகக் கடுமையான காற்றின் வேகம். மூன்றாவது, அக்காற்று மையத்திலிருந்து எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது என்பது. இம்மூன்றாவதே கடல் நீர் எவ்வளவு உயரும், எத்தனை கிராமங்கள் காற்றுக்கு இலக்காகும் என்பதைக் கணிக்க மிகத் தேவையானது. மேகப் படத்தால் இதனைத் துல்லியமாகச் சொல்வது அரிது. வேகம் ஒன்றேயான இரண்டு புயல்களில் ஒன்று சிறிய பரப்பையும் மற்றொன்று பெரிய பரப்பையும் அழிப்பது இதனாலேயே.

இம்முறையின் குறைகள்

இம்முறையில் குறைகளும் உள. ராடார் கோள் ஒரே இடத்தின்மேல் நிலைத்து நிற்பதில்லை. ‘ஸெண்டினல்’ கோள் ஒன்று தன் பழைய பாதைக்கே திரும்பிவர 12 நாள் ஆகிறது. படத்தின் அகலம் 250 முதல் 400 கிலோமீட்டர்தான். விரிகுடாப் புயலின் ஆயுளோ மூன்று நான்கு நாள். ஆகவே ஒரு புயலுக்கு ஒன்றோ இரண்டோ படம் கிடைக்கலாம்; ஒன்றும் கிடைக்காமலும் போகலாம். பல தேசத்துக் கோள்களையும் சேர்த்துக் கொள்வதே இதற்குப் பரிகாரம். மிகக் கனத்த மழை கடற்பரப்பைக் குழப்புவதால் அவ்விடத்தில் அளவு பிசகுவதும் உண்டு.

எல்லாவற்றிலும் முக்கியமான குறை, இப்படம் நிலத்தில் பெய்யப்போகும் மழையின் அளவைச் சொல்லாது என்பதே. மழை, புயலின் ஈரத்தையும், அது நகரும் வேகத்தையும், கரைக்கு வந்தபின் எவ்வளவு நேரம் நிற்கிறது என்பதையும் பொறுத்தது. ‘ஃபெஞ்சல்’ காற்றளவில் சாதாரணப் புயல். நின்று பெய்ததால் பெருங்கேடு விளைந்தது. ‘காற்று 80 கிலோமீட்டர்தானே’ என்று வாளாவிருந்தவர்களின் வயல்களே மூழ்கின. காற்றின் எண் குறைந்திருப்பது மழையின் எண்ணும் குறைந்திருக்கும் என்பதற்கு அத்தாட்சியன்று. நிலத்தருகே வந்த பின் மழையைக் கவனிக்கக் கரை ராடாரே ஏற்றது.

வெள்ளம் வந்த பின்னர் இவ்வகைக் கோள்களே மற்றொரு வகையிலும் பயன்படுகின்றன. தேங்கிய நீர் படத்தில் கறுப்பாகத் தெரிவதால், ஹைதராபாத்திலுள்ள தேசியத் தொலையுணர்வு மையத்தார் வெள்ளம் பரவிய பிரதேசங்களை மேகமூட்டத்திலும் வரைந்து தருகின்றனர். 2025 ஜூலை 30-ந் தேதி ஏவப்பட்ட இந்திய அமெரிக்கக் கூட்டுக் கோளான ‘நைசார்’ இதினும் நீண்ட அலைகளைக் கொண்டு நிலத்தைப் பார்ப்பது. எனினும் உயர்ந்து வளர்ந்த நெல்லின் அடியில் நிற்கும் நீரும், காற்றடிக்கும்போது சலனமுற்ற நீரும் படத்தில் தெரியாமற் போகலாம். ஆகவே சேத மதிப்பீட்டுக்கு உத்தியோகஸ்தர்கள் வயலை நேரில் பார்வையிடுதல் இன்றியமையாதது. படத்தில் இல்லை என்பதால் வெள்ளமே இல்லை என்று கொள்ளலாகாது.

விவசாயிகள் செய்யத்தக்கவை

புயல் அறிவிப்பு வரும்போது கூண்டின் எண்ணை மட்டும் கேட்டு நின்றுவிடாமல், நான்கு விஷயங்களைக் கேட்டறிய வேண்டும்: கரையைக் கடக்கும் இடமும் நேரமும், காற்றின் உச்ச வேகம், புயல் நகரும் வேகம், எதிர்பார்க்கும் மழையின் அளவு.

காற்று மிகும் என்று தெரிந்தால், முற்றிய தேங்காய்களையும் காய்ந்த மட்டைகளையும் இறக்கிவிடுதல், வாழைக்குச் சவுக்குக் கழி முட்டுக் கொடுத்தல், விளைந்த தார்களை வெட்டிவிடுதல், கரும்பைச் சோகையால் சேர்த்துக் கட்டுதல், மாட்டுக் கொட்டகையின் கூரையைக் கயிற்றால் இறுக்குதல் ஆகியவை முதற் கடமைகள்.

புயல் மெல்ல நகரும் என்றோ மழை மிகும் என்றோ தெரிந்தால், காற்று குறைவாயினும், வடிகால் வாய்க்கால்களைத் திறந்து செத்தை சருகுகளை அகற்றுதல், அறுவடைக்கு வந்த நெல்லை அறுத்துப் பத்திரப்படுத்துதல், யூரியா இடுவதையும் மருந்து தெளிப்பதையும் ஒத்திப்போடுதல், விதையையும் உரத்தையும் உயரத்தில் ஏற்றிவைத்தல், ஆற்றோரத்து இறைவை மோட்டார்களைக் கழற்றிவிடுதல், கால்நடைகளை மேட்டுக்கு ஓட்டுதல் ஆகியவற்றை முந்திச் செய்ய வேண்டும். நவம்பர் கடைசியில் சம்பா நெல் கதிர் வாங்கும் பருவத்தில் இருக்குமாதலால், நீர் தேங்கும் ஒவ்வொரு நாளும் மகசூலைக் குறைக்கும்.

வடிகால் என்பது ஒருவர் வயலோடு முடிவதன்று. மேல்நிலத்தார் திறந்துவிட்ட நீர் கீழ்நிலத்தாரின் அடைபட்ட வாய்க்காலில் நின்றுவிட்டால் இருவருக்கும் நஷ்டமே. ஆதலால் ஐப்பசி மழை தொடங்குமுன், கிராம நிர்வாக அலுவலரும் கொம்யூன் பஞ்சாயத்தாரும் நிலமுடையோரைக் கூட்டி, எந்த வாய்க்காலை யார் துப்புரவு செய்வது என்பதை முடிவு செய்துவைப்பது நன்று. சந்தேகங்களுக்கு அருகிலுள்ள உழவர் உதவியகத்தை அணுகலாம்.

ராடார் படத்தால் கிடைக்கும் இலாபம் சில மணி நேரமே. அந்நேரத்தில் மண்வெட்டியுடன் வாய்க்காலுக்குச் செல்பவருக்கே அது பயன்படும்.